அலர்ஜி கிடையாது, காணாக்கடிதான்

இது எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்தது. பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டர் (நான்தான்), மூன்று நர்ஸ், வாசலை ஒட்டி ஒரு மெடிக்கல். முக்கூடலுக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவிடமும் வீட்டாரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்; பேரும் ஊரும் வேண்டாம். ஆள் பிழைத்துவிட்டார். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் என் தப்புகளை நிதானமாகப் படிக்கலாம்.

ஐப்பசி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு சாயங்காலம். வயது 54, எடை 62 கிலோ, பீடி சுற்றும் தொழில். மூன்று நாளைக்கு முன்னால் விறகு பொறுக்கப் போன இடத்தில் வலது பாதத்தில் உடைமுள் ஏறியிருக்கிறது. ஊக்கால் குத்தி எடுத்துவிட்டு, மஞ்சளை எண்ணெயில் காய்ச்சிச் சூட்டோடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வரும்போது பாதம் கணுக்கால் வரை வீங்கிப் பளபளவென்று இருந்தது. தொட்டால் சுட்டது. காய்ச்சல் 101.6, பிரஷர் 138/86, சுகர் 124, நாடி 70.

அந்த 70-ஐ என் கையால்தான் எழுதினேன். அவ்வளவு காய்ச்சலில் நாடி தொண்ணூறுக்கு மேல் ஓட வேண்டும். அது ஏன் எழுபதில் நிற்கிறது என்று ஒரு நொடி யோசித்திருந்தால், நான்கு வருஷமாக, நாடியை மெதுவாக்கும் அட்டெனலால் 50 மில்லிகிராம் சாப்பிடுகிறார் என்பது வெளியே வந்திருக்கும். சீட்டில் 'பிபி மாத்திரை சாப்பிடுகிறார்' என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்த மாத்திரை என்று கேட்கவில்லை.

"அலர்ஜி எதுவும் உண்டாம்மா?"

"அதெல்லாம் கிடையாது டாக்டரம்மா."

எழுதினேன்: அலர்ஜி இல்லை.

டிடி ஊசி போட்டோம். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கில் முன்கைத் தோலுக்குள் டெஸ்ட் டோஸ் போட்டு, பேனாவால் வட்டம் வரைந்து, இருபது நிமிடம் உட்கார வைத்தோம். வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. அப்புறம் 1 கிராம் மருந்தை 10 மில்லி தண்ணீரில் கரைத்து நரம்பில் மெதுவாக ஏற்றினோம். ஊசி முடிந்தபோது மணி 6.32.

6.36-க்கு அந்த அம்மா இரண்டு உள்ளங்கையையும் கட்டிலின் இரும்பு விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தார். "உள்ளங்கை அரிக்கி சிஸ்டர்" என்றார். கழுத்தும் காதும் சிவந்திருந்தன. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நான் வந்து பார்த்து, யோசிக்காமலே சொன்ன வார்த்தை: "அவில் போடுங்க, டெக்கா ஒண்ணு போடுங்க." அவில் அரிப்பை அடக்கும் ஊசி, டெக்கா ஸ்டீராய்டு.

சிஸ்டர் ஆம்பியூலை உடைத்துக்கொண்டிருக்கும்போதே இருமல் தொடங்கியது. குரல் கட்டிப்போய் வேறு யாரோ பேசுவது போல வந்தது. "என்னமோ செய்யிது டாக்டரம்மா, உசிரு போயிரும் போலருக்கு." அனாஃபிலாக்சிஸ் என்ற இந்தக் கடும் ஒவ்வாமையில் ஆட்கள் இப்படிச் சொல்வதைப் பயம் என்று ஒதுக்கக் கூடாது, அதுவே ஓர் அறிகுறி. அடுத்ததாக அவர் சொன்னது, "வெளிக்கி வருது, எந்திரிக்கணும்." குடலும் கொந்தளிக்கிறது என்று அர்த்தம். ஆனால் மருமகளுக்கு அது வெறும் அவசரம்தான். "வாங்கத்தே" என்று தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் கால் மடங்கிச் சரிந்துவிட்டார்.

பிரஷர் மேலளவு 70. கீழளவு கேட்கவே இல்லை. ஆக்சிஜன் 88. நெஞ்சில் வைத்தால் இரண்டு பக்கமும் விசில். நாடி மட்டும் 82. பிரஷர் இவ்வளவு இறங்கும்போது நாடி நூற்றிருபதுக்குப் பறக்க வேண்டும். அது பறக்காததால், வெறும் மயக்கமோ என்று இன்னொரு அரை நிமிடம் என் புத்தி தடுமாறியது.

அட்ரினலின் தொடையில் ஏறியது 6.43-க்கு. அரித்ததிலிருந்து ஏழு நிமிடம்.

அந்த ஏழு நிமிடத்தைப் பிறகு பல ராத்திரி திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். மருந்து இல்லாமல் இல்லை. அலமாரி பூட்டியிருக்கவில்லை, சாவி தேடவில்லை. எமர்ஜென்சி ட்ரேயில் அவிலுக்கு அடுத்த குழியிலேயே இருந்தது. என் வாய்தான் முதலில் அவில் என்றது. இந்தப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அரிப்பு, தடிப்பு என்றால் அவிலும் டெக்காவும்தான். பயிற்சிக் காலத்தில் நானும் அப்படியே பார்த்துப் பழகினேன். வெறும் அரிப்போடு நிற்கும்போது அது போதும். இங்கே அது போதாது. அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் ஒரே நேரத்தில் வெடித்துக் கொட்டுவது ஹிஸ்டமினை மட்டுமில்லை. இன்னும் பல வேதிப்பொருள்கள் சேர்ந்து வருகின்றன. ரத்தக்குழாய்கள் தளர்ந்து, சுவர் ஒழுகி, ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் இறங்கிவிடுகிறது. அவில் அதில் ஹிஸ்டமினை மட்டும் மறிக்கும், அதுவும் மெதுவாக. டெக்கா வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். இரண்டுமே விழுந்த பிரஷரைத் தூக்காது, அடைத்த மூச்சுக்குழாயைத் திறக்காது. அட்ரினலின் ரத்தக்குழாயை இறுக்கும், மூச்சைத் திறக்கும், மாஸ்ட் செல் மேலும் கொட்டுவதையும் அடக்கும்.

அட்ரினலின் என்றாலே பயம் ஒன்று உண்டு. போட்டால் நெஞ்சு நின்றுவிடும் என்று நர்ஸ்கள் மட்டுமில்லை, டாக்டர்களும் நினைக்கிறார்கள். கரைக்காத மருந்தை நேராக நரம்பில் தள்ளினால் அந்தப் பயம் நியாயம். தொடையின் வெளிப்பக்கச் சதையில் போடும்போது அந்த அபாயம் மிகக் குறைவு. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம். நம் ஊர் ஆம்பியூலில் 1 மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கிறது, அதனால் பெரியவர்களுக்குப் பாதி ஆம்பியூல். தோலுக்கடியில் போட்டால் ஏற நேரமாகும். சதைக்குள் போக வேண்டும். சேலை, பாவாடை என்று கூச்சப்பட்டு நிற்காமல் துணியோடு சேர்த்தே குத்தலாம்.

சரி, போட்டாயிற்று. கட்டிலில் மட்டமாகக் கிடத்தி, கால் பக்கம் இரண்டு தலையணையை வைத்து உயர்த்தினோம். வீட்டுக்காரர் சோடா வாங்க ஓடியிருந்தார். வாயில் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது என்று வாசலிலேயே தடுக்க வேண்டியிருந்தது. இரண்டு கையிலும் தடித்த ஊசி ஏற்றி நார்மல் சலைனைக் கசக்கி விட்டோம், கால் மணி நேரத்தில் ஒரு லிட்டர். ஆக்சிஜன், சால்பியூட்டமால் நெபுலைசர். ஐந்து நிமிடம் கழித்துப் பிரஷர் 74. 6.48-க்கு இரண்டாவது அட்ரினலின். 6.54-க்கு மூன்றாவது. அதன் பிறகும் 80-ஐத் தாண்டவில்லை.

பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு மயக்க மருந்து டாக்டர், என்னோடு படித்தவர், அவருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்கக்கூட இல்லை. "பீட்டா பிளாக்கர் சாப்பிடுறாங்களா?" என்றார். நான் மருமகளைப் பார்த்தேன். அவள் மஞ்சப்பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை நீட்டினாள். அட்டெனலால், அந்த வகைதான். 70-க்கும் 82-க்கும் பதில் அந்த அட்டையின் முதுகில் அச்சடித்திருந்தது.

அட்ரினலின் போய் உட்கார வேண்டிய கதவுகளில் பாதியை அட்டெனலால் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது. அதனால் நாடியும் ஏறாது, ஊசிக்கும் உடம்பு சரியாக இசையாது. இந்த மாதிரி நேரத்தில் குளுக்ககான் என்ற ஊசி வேறு வாசல் வழியாக இதயத்தைத் தட்டி எழுப்பும். எங்களிடம் இல்லை. எங்கள் அளவு ஆஸ்பத்திரி எதிலும் அதை நான் பார்த்ததில்லை.

"அப்போ அட்ரினலினையே டிரிப்பில போடு. ஒரு லிட்டர் சலைன்ல ஒரு மில்லிகிராம். மணிக்குக் கிலோவுக்கு 5 மில்லி. மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காதே."

62 கிலோவுக்கு மணிக்கு 310 மில்லி. பம்ப் கிடையாது. நிமிடத்துக்கு நூறு சொட்டு என்று சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார், நான் மானிட்டரைப் பார்த்தேன். வெளியே மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எண்ணிக்கை தப்புகிறது என்று சிஸ்டர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு எண்ணியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 7.25-க்குப் பிரஷர் 98/60. அந்த அம்மா கண்ணைத் திறந்து, "தட்ட எடுத்து உள்ள வச்சியாட்டி?" என்று மருமகளிடம் கேட்டார். வீட்டுத் திண்ணையில் பீடித்தட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறார். இலை நனைந்தால் அன்றைய கூலி போயிற்று.

108 வந்தது. திருநெல்வேலிக்கு நானும் கூடவே போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஐசியுவில் சேர்த்தார்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு, புதிதாக எந்த மருந்தும் போடாமலே, மறுபடி உடம்பெல்லாம் தடித்து இழுப்பு வந்திருக்கிறது. அங்கே உடனே தொடையில் அட்ரினலின் போட்டார்கள், அடங்கிவிட்டது. இப்படி இரண்டாவது அலை சிலருக்கு வரும், பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துக்குள், அபூர்வமாக மூன்று நாள் வரைக்கும். 7.25-க்கு 98/60 பார்த்த சந்தோஷத்தில் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான் நினைத்திருந்தால், ஒன்றரை மணிக்கு வார்டில் ஒரே ஒரு சிஸ்டர்தான் இருந்திருப்பார். மூன்றாம் நாள் கிளிண்டாமைசின் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அட்டெனலாலை நிறுத்தி வேறு பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். கால் தன்போக்கில் ஆறிவிட்டது.

ஆம்புலன்சில் போகும்போதே வீட்டுக்காரர் கேட்டார்: "ஊசிய மாத்திக்கீத்திப் போட்டுட்டியளா? காலாவதி ஆன மருந்தா?" கேட்க வேண்டிய கேள்விதான். காலி பாட்டிலை எடுத்து வரச் சொல்லியிருந்தேன். பேட்ச் நம்பர், தேதி எல்லாம் காட்டினேன். மருந்து சரியான மருந்து, அளவு சரியான அளவு. அப்புறம் இன்னொன்று கேட்டார்: "டெஸ்ட் போட்டுப் பாத்தியளே, அப்பம் ஏன் தெரியல?" இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, இருந்தும் சொன்னேன். நாங்கள் போடும் டெஸ்ட் டோஸ் ஒரு சடங்கு. முறையான தோல் சோதனைக்கு மருந்தைக் குறிப்பிட்ட அளவு நீர்த்துப்போகச் செய்ய வேண்டும். பக்கத்தில் வெறும் சலைனும் ஹிஸ்டமினும் போட்டு ஒப்பிட வேண்டும். அதைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். நாங்கள் பாட்டிலில் கரைத்ததை அப்படியே சொட்டு எடுத்துக் குத்துகிறோம். வீங்கினால் மருந்தின் எரிச்சலாகக்கூட இருக்கலாம். வீங்காவிட்டால் ஒன்றும் வராது என்று அர்த்தமில்லை. முந்தின நாள் சளி மாத்திரை போட்டிருந்தாலே தோல் பேசாமல் இருந்துவிடும். ஆனால் அந்தப் பேனா வட்டத்தைப் பார்த்ததும் எனக்கும் சிஸ்டருக்கும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில்தான் ஊசி முடிந்ததும் நான் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருந்தேன்.

ஆறாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பீடித்தட்டு, வெட்டின இலை, தூள், நூல் எல்லாம் தயாராக இருந்தது; அந்த அம்மா சுற்றிக்கொண்டே பேசினார். கை நிற்கவில்லை. நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன். அலர்ஜி என்ற சொல்லை விட்டுவிட்டு, "எப்பவாவது ஊசியோ மாத்திரையோ போட்டிருக்கும்போது உடம்பு தடிச்சிருக்காம்மா?" என்றேன்.

"தடிப்பா? காணாக்கடி வந்துச்சே ஒரு தடவை" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல் வேரில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கியிருக்கிறது. வேறோர் ஊரில், வேறோர் இடத்தில், காலையும் மாலையும் ஊசி. நாலாம் நாள் ஊசி போட்டு வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் வயிறு, தொடை, முதுகெல்லாம் வட்டம் வட்டமாகத் தடித்து அரித்திருக்கிறது. ராத்திரி ஏதோ கண்ணுக்குத் தெரியாமல் கடித்துவிட்டது என்று முடிவு கட்டி, வெற்றிலையில் மிளகு வைத்துத் தின்னக் கொடுத்து, பச்சிலைக்காரரிடம் கூட்டிப்போய் விஷம் இறக்கி, மூன்று நாள் உப்பும் புளியும் நீக்கிப் பத்தியம் இருந்திருக்கிறார். பல் வலி போய்விட்டதால் மீதி ஊசிக்குப் போகவில்லை. அடுத்த ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. மருமகள் மஞ்சப்பையைக் கவிழ்த்தாள். ரேஷன் கார்டு நகல், கரண்ட் பில், ஸ்கேன் கவர், அதற்குள் நாலாக மடித்த ஒரு சீட்டு. மை மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. செஃபோடாக்சிம்.

செஃபோடாக்சிமுக்கும் செஃப்ட்ரியாக்சோனுக்கும் மூலக்கூறில் ஒரு பக்கச் சங்கிலி அச்சு அசல் ஒன்று. உடம்பு பெரும்பாலும் அந்தச் சங்கிலியைத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது. செஃபிபிம், செஃப்போடாக்சிம் என்ற மாத்திரை, இவற்றிலும் அதே சங்கிலிதான். பெயரே குழப்பும், ஊசி ஒன்று, மாத்திரை இன்னொன்று.

"முதல் மூணு நாளும் போட்டப்ப ஒண்ணும் செய்யலையே" என்று மருமகள் கேட்டாள். 1902-இல் பாரிசில் ஷார்ல் ரிஷே, பால் போர்த்தியே என்ற இரண்டு பேர் நாய்களுக்குக் கடல் சாமந்தி என்ற கடல் உயிரியின் விஷத்தைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பழகிவிடும் என்று நினைத்தார்கள். சில வாரம் கழித்து மறுபடி கொஞ்சமாகக் கொடுத்தபோது நாய் நிமிடங்களில் மூச்சு முட்டிச் செத்தது. அனாஃபிலாக்சிஸ் என்ற பெயரை அவர்கள்தான் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாய்க் கதையைத் திண்ணையில் சொல்லவில்லை. "முதல் தடவை வந்தவன் மூஞ்சிய உடம்பு படம் புடிச்சு வச்சிக்கும், அடுத்த தடவை வந்தா அடிக்கும்" என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. ஐஜிஇ என்ற ஆன்டிபாடியாக அந்தப் படம் மாஸ்ட் செல் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது டாக்டர்களுக்கு.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை. அலர்ஜி என்றால் அவருக்குத் தூசிக்கு வரும் தும்மல். சிலருக்கு அது கத்தரிக்காய், கருவாடு தின்றால் வரும் ஊறல். ஊசிக்கு வந்ததற்குப் பெயர் காணாக்கடி, காரணம் பூச்சி. மருந்து ஒத்துக்கொள்ளாததற்குப் பெயர் சூடு: "அந்த மாத்திரை சூடு, எனக்குச் சேராது." நானும் இந்த ஊர்க்காரிதான். என் ஆச்சி வாயால் காணாக்கடி என்று நூறு தடவை கேட்டு வளர்ந்தவள். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கேட்கும்போது அந்தச் சொல் எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் ஓபி சீட்டில் அலர்ஜி என்ற கட்டம் இல்லை. அங்கே அச்சடித்திருப்பது: 'ஊசி, மாத்திரைக்குப் பிறகு காணாக்கடி, தடிப்பு, உதடு கண் வீக்கம், இழுப்பு, மயக்கம் வந்ததுண்டா? எந்த மருந்து சூடு என்று விட்டீர்கள்?' அதற்குக் கீழே, 'பிபி மாத்திரையின் அட்டையைக் காட்டவும்.' கேள்வி நீளம், வரிசை நகர மாட்டேன் என்கிறது என்று சிஸ்டர் முணுமுணுப்பார். எல்லாவற்றையும் அலர்ஜி என்று எழுதிவிடும் எதிர்த் தப்பும் இருக்கிறது. பென்சிலின் ஆகாது என்று சொல்கிறவர்களைச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆகும் என்பதே உண்மை. வயிற்றுப்போக்கு வந்ததையும் காணாக்கடி வந்ததையும் ஒரே கட்டத்தில் போட்டால், பின்னால் அந்த ஆளுக்கு நல்ல மருந்து கிடைக்காமல் போகும். அதனால் என்ன வந்தது, எத்தனை நேரத்தில் வந்தது என்று அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுகிறோம்.

டெஸ்ட் டோஸை விட்டுவிட்டோம். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம். "ஏழரை பஸ் போயிரும் டாக்டரம்மா" என்று தினம் ஒரு சண்டை. அட்ரினலினை ட்ரேயிலிருந்து பிரித்து, இரண்டு ஆம்பியூல், இரண்டு சிரிஞ்சு, ஊசி எல்லாம் ஒரு டிபன் டப்பாவில் போட்டு, மூடியில் சிவப்பு மையில் 'முதலில் இது, தொடையில், அரை மில்லி' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. பெரியவர்களுக்கான அளவு அது. குழந்தைகளுக்குத் தனிச் சீட்டு உள்ளே இருக்கிறது. நடந்ததை மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொன்னேன். டாக்டர்கள்தான் என்றில்லை, நோயாளியே கூப்பிட்டும் சொல்லலாம்.

அந்த அம்மாவுக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்தேன். நான்கு மருந்தின் பெயரும், நடந்த தேதியும், 'அட்ரினலின் மூன்று முறை, பிறகு டிரிப்பில்' என்ற வரியும். பென்சிலின் வகையும் மற்ற செஃப் வகைகளும் ஆகுமா என்பதை அலர்ஜி டாக்டர் சோதித்துச் சொல்லும் வரை வேண்டாம் என்று கீழே எழுதினேன். மெடிக்கலில் காய்ச்சலுக்கு என்று சும்மா சொல்லி மாத்திரை வாங்கக் கூடாது என்று வாயால் மூன்று தடவை சொன்னேன். அட்டையை அவர் பீடிக் கடை பாஸ்புக்குக்குள் செருகிக்கொண்டார். வீட்டில் எது தொலைந்தாலும் அது தொலையாதாம்.

அவர் தெருவில் இருந்து ஊசிக்கு வரும் பெண்கள் இப்போது நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள், "எனக்குக் காணாக்கடி வந்ததில்ல டாக்டரம்மா" என்று. போன வாரம் ஒருத்தி மட்டும், "எனக்கு வந்திருக்கு. ஆனா ஊசியால இல்ல, எறா தின்னு" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன்.